பன்னிரண்டாவது படம்

அந்த மனுசி 'ஓம்' என்று மட்டும் சொல்லி நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு மேல்மாடியில் மூன்று வருடத்துக்குக் கிட்ட வாடகைக்கு இருந்தவர். காலையும் மாலையும் படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் கதைத்திருக்கிறோம். அந்த ஒரு தடவையைத் தவிர, அவருடைய எல்லா ஓமுக்கும் பின்னால் ஓர் 'ஆனால்' வந்தது. எல்லா இல்லைக்கும் பின்னால் ஓர் 'எண்டாலும்' வந்தது.

கடலைப் படித்தவர். மீனையல்ல, மீனுக்கு இரையாகிற பூச்சியையும் பாசியையும், கண்ணுக்குத் தெரியாத சாமான்களை. போத்தலில் தண்ணீர் பிடித்துவந்து கண்ணாடிக் குழலுக்குள்ளால் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு திருத்தம் அனுப்பிவைப்பார்.

ஒருநாள் வானம் கறுத்துக் கிடந்தது. ஐஸ் ஏற்றிய லொறி வெளிக்கிட நின்றது. படியால் இறங்கி வந்தவரிடம், "மிஸ், மழை வருமோ?" என்று கேட்டேன்.

"மேகம் இருக்கு. ஆனா மேகம் இருந்தா மழை வரும் எண்டு சொல்ல ஏலாது."

"படங்கு போடவோ வேண்டாமோ?"

"அது நீங்கள் எவ்வளவு ஐஸ் கரைஞ்சாப் பரவாயில்லை எண்டு நினைக்கிறீங்கள் எண்டதைப் பொறுத்தது."

நான் படங்கை இழுத்து லொறியை மூடினேன். மழை வரவில்லை. "பாத்தீங்களோ, நான் வரும் எண்டு சொல்லேல்லைத்தானே" என்றார் அடுத்த நாள். வராது என்றும் அவர் சொல்லவில்லை என்பதை நான் எடுத்துச்சொல்ல, அதையும் ஒத்துக்கொண்டார். இப்படியான ஆளோடு சண்டை பிடிக்கவும் ஏலாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று விளங்காது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, துறைமுகக் கரையிலிருந்து கப்பல்துறை வரைக்கும் மிதித்து மீன் விற்றவன். அந்த வீதியில் நான் வரும் சத்தம் மூன்று முடக்குக்கு அப்பாலேயே கேட்கும் என்பார்கள். என்ன மீன், எப்போது பிடித்தது, குழம்புக்கோ பொரியலுக்கோ, எல்லாம் ஒரே மூச்சில் சொல்லுவேன். சட்டியோடு வாசலுக்கு வந்த பெண்சாதிமார் இரண்டாம் கேள்வி கேட்டதில்லை. அந்தத் தொண்டையால்தான் இன்றைக்கு எனக்கு ஐஸ் வைத்து விற்கிற வாடி, லொறி, மாடி வீடு எல்லாம். பல்கலைக்கழகம் தந்த சாமான் ஒன்றும் இந்த வீட்டில் இல்லை, மேல்மாடியில் இருந்த அந்த மனுசியைத் தவிர.

அவருடைய போத்தல்கள் எங்கள் பிரிஜ்ஜில்தான் இருந்தன. மேலே அவருக்கு ஒரு சின்னப் பிரிஜ், அது நிறைந்துவிட்டதாம். என் மனைவி பாக்கியம் இளகிய மனசுக்காரி. கீழ்த்தட்டை ஒதுக்கிக் கொடுத்தாள். ஒருநாள் காலை கஞ்சி வாயில் வைக்க முடியாமல் உப்புக் கரித்தது. பாக்கியம் தான் உப்பே போடவில்லை என்று சத்தியம் பண்ணினாள். பிறகுதான் விளங்கியது, அவள் ஊற்றியது மிஸ்ஸின் போத்தலில் இருந்த, கடலோடு சேர்ந்த களப்பின் தண்ணீர். போத்தலில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் நிலையம் நாலு, மேற்பரப்பு, மாதிரி இரண்டு என்று என்னென்னவோ இருந்தது. குடிக்கக்கூடாது என்ற ஒன்றைத்தவிர எல்லாம் இருந்தது.

நான் சிவப்பு ரேப் எடுத்து எல்லாப் போத்தலிலும் ஒட்டி, பெரிய எழுத்தில் 'குடிக்காதே' என்று எழுதினேன். ஒரு சொல். மிஸ் வந்து ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்தார்.

"சரிதான் ஐயா. ஆனா ஏன் குடிக்கக்கூடாது எண்டு எழுதேல்லையே."

"குடிக்காமல் இருக்க ஏன் எண்டு தெரியத் தேவையில்லை மிஸ்."

"காரணம் தெரியாட்டி இதை மட்டும் குடிக்கமாட்டினம். பக்கத்துப் போத்திலைக் குடிப்பினம்."

நான் பிரிஜ் கதவைச் சாத்தினேன்.

அந்த வருடம் முதல் மழை ஓய்ந்து நாலைந்து நாள் வெயில் எறித்தது. களப்பின் வாய்ப்பக்கம் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி நிறம் மாறியது. எங்களுக்கு அது புதினமில்லை. மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கும், பிறகு தெளியும். ஆனால் மிஸ் தோணி பிடித்துப் போய்த் தண்ணீர் அள்ளினார். மறுநாளும் போனார். களப்புச் சேற்றில் எடுக்கிற மட்டிச் சிப்பியும் வாங்கிப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் என் வாசலில் வந்து நின்று, கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு கூட்டம் வைக்க உதவி செய்வீர்களா என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த அவசரத்தைப் பார்த்து, "என்ன மிஸ், ஏதும் பயமோ?" என்றேன்.

"பயம் எண்டு இப்பவே சொல்ல ஏலாது. ஆனா கெதியாச் சொல்லவேணும்."

ஆட்களைக் கூட்டினது நான்தான். தோணிக்காரர் வந்தார்கள். களப்பில் மட்டி பொறுக்கிற பெண்கள் கனகத்தின் தலைமையில் வந்து முன்வாங்குகளில் இருந்தார்கள். கனகம் இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் தடவியே மட்டி எடுக்கிற மனுசி. அந்தப் பெண்கள் பொறுக்கித்தான் பாதி ஊருக்கு மட்டிக் கறி. மிஸ் புரொஜெக்டர் வைத்துப் படம் காட்டினார். நாற்பது படம் இருக்கும். கீறல், வளைவு, கட்டம், பிறகு உருண்டையாய் வாலோடு ஒரு சாமான். ஒரு மணித்தியாலம் கதைத்தார். இந்தக் கரையில் வைத்து நான் கேட்ட தமிழ் இல்லை அது. நான் முன்கதிரையில் இருந்தேன். இடையில் கொஞ்சம் கண்ணயர்ந்ததையும் மறைக்கவில்லை.

கடைசியில் கனகம் எழும்பினாள். "மிஸ், எல்லாம் நல்லாச் சொன்னீங்கள். மட்டி தின்னலாமோ, தின்னக்கூடாதோ?"

கட்டடம் முழுக்க அந்தப் பதிலுக்காகத்தான் இருந்தது. மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நச்சின்ர அளவு இடத்துக்கு இடம் வித்தியாசப்படும். நாங்கள் எடுத்த மாதிரிகள் காணாது. ஆனபடியால் முழுமையான முடிவு வரும்வரைக்கும் தவிர்த்துக்கொள்ளுறது விரும்பத்தக்கது."

கனகம் பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினாள். "பாத்துத் தின்னச் சொல்லுறா."

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் கேட்டாள், கூட்டத்தில் என்ன சொன்னது என்று. கூட்டத்தைக் கூட்டினவன், முன்கதிரையில் இருந்தவன், நான் சொன்னேன்: "பாத்துத் தின்னட்டாம்."

எங்கள் கரையில் பார்த்துத் தின்பது என்றால் என்ன என்று மிஸ்ஸுக்குத் தெரியாது. கடலில் பிடித்த எதிலாவது சந்தேகம் வந்தால் மஞ்சள் கூடப் போட்டு, புளி இரண்டு மடங்கு கரைத்து ஊற்றி, நன்றாகக் கொதிக்க வைப்போம். விஷம் முறியும் என்று நம்பிக்கை. அன்றைக்கு மத்தியானம் எத்தனை குசினியில் அப்படி நடந்ததோ தெரியாது. என் குசினியில் நடந்தது. நான் மட்டி தின்பதில்லை, சின்னனில் வேறொன்றும் கிடைக்காமல் தின்றே அலுத்தவன். பாக்கியத்துக்கு அது உயிர்.

சாப்பிட்டு அரை மணித்தியாலம் இருக்காது. "இஞ்சேருங்கோ, உதடு விறைக்குது" என்றாள். பிறகு விரல் நுனி. பிறகு நாக்கு தடித்து, சொல்லு ஒழுங்காய் வரவில்லை. நாற்பது வருடமாய் என் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டு வென்ற ஒரே மனுசி, எதையோ சொல்லத் தெண்டித்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். லொறியில் இருந்த ஐஸை இறக்காமல், அதிலேயே அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டொக்டர் சின்ன வயசு. பார்த்தார், கேட்டார், சொன்னார்: "மூச்சு ஒழுங்கா இருந்தா நாளைக்குச் சரிவரும். மூச்சு இழுக்கக் கஷ்டப்பட்டா உடனே கூப்பிடுங்கோ."

இப்போது யோசித்தால் அவரும் 'இருந்தால்' என்றுதான் சொன்னார். ஆனால் எதைப் பார்க்கவேண்டும், பார்த்தால் என்ன செய்யவேண்டும் என்று சொன்னார். நான் பாக்கியத்தின் நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மிஸ் ஓடிவந்தார். காலில் வேறு வேறு செருப்பு. வாட்டுக்கு வெளியே அனுப்பிவிட வாங்கில் இருந்த என்னிடம் வந்து, "எப்பிடி இருக்கிறா?" என்றார்.

நான் இவ்வளவு காலமும் மரியாதை வைத்திருந்தவன். அன்றைக்கு வைக்கவில்லை. "வாயில ஒரு சொல்லு இருந்திருந்தா அவ இங்க கிடக்கமாட்டா. சமைச்சாலும் போகாது எண்டு சொல்ல உங்களுக்கு என்ன வந்தது?"

"நான் சொன்னனான் ஐயா." அவர் தன் செருப்பைப் பார்த்தார். "வெப்பத்தால் சிதைவடையாது எண்டு இருக்கு. பன்னிரண்டாவது படத்தில."

"பன்னிரண்டாவது படத்திலயோ?"

"ஓம், ஆனா..." என்றவர் நிறுத்திக்கொண்டார். வாங்கின் மற்ற அந்தத்தில் இருந்தார். பாக்கியத்தைப் போல இன்னும் இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள், கனகத்தின் மருமகளும் ஒருத்தி. நல்லகாலம், எல்லோரும் பிழைத்தார்கள்.

காலையில் பாக்கியம் தண்ணீர் கேட்டாள். சொல் தெளிவாய் வந்தது. நான் நேரே மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு முறை இருக்கிறது. ஏலம் கூறுகிறவர் கவிழ்த்து வைத்த மீன்பெட்டியில் ஏறி நிற்பார். பெட்டியில் நிற்கிற ஆள் கதைக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் நீட்டி முழக்கினால் அவ்வளவுதான், மீன் பழுதாகிறது இறங்கு என்று கத்துவார்கள். நான் ஏறினேன். ஏலக்காரரின் கையிலிருந்து ஸ்பீக்கரை வாங்கினேன்.

"கடலில விஷம். என்ர மனுசி ஆஸ்பத்திரியில. ஒருத்தரும் ஒண்டும் வாங்காதேங்கோ, ஒண்டும் தின்னாதேங்கோ."

ஒரே மூச்சு. எல்லோருக்கும் விளங்கியது. அதுதான் கதைக்கிற முறை என்று இறங்கும்போது நினைத்தேன்.

அன்று மத்தியானத்துக்கு முன்னம் கதை மூதூர் வரைக்கும் போய்விட்டது. மீன் லொறிகள் வெறுமையாய்த் திரும்பின. கரையில் பாரையும் சூடையும் குவிந்து கிடந்து நாறத்தொடங்கின. மீனை ஐஸில் போட ஆளில்லை. என் ஐஸ் என் வாடியிலேயே கரைந்து வாசலால் ஓடியது. தவம் என்ற தோணிக்காரன் வாடிக்கு முன்னால் வந்து நின்று, "முதலாளி, கடல் முழுக்க விஷமெண்டா நான் என்னத்தைப் பிடிக்கிறது, உங்களையோ?" என்று கேட்டான். சிரித்தவர்களில் பாதிப்பேர் எனக்கு ஐஸ் கடன்காரர்.

மிஸ்ஸும் வந்தார். "ஐயா, நீங்கள் சொன்னது பிழை. விஷம் மட்டியிலதான். மீன்ர சதையில இல்லை. மீன் தின்னலாம்."

"அப்ப அதை நீங்கள் போய்ச் சொல்லுங்கோவன்."

அவர் திரும்பிப் போனார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் தவம் எல்லோரும் பார்க்கத்தக்கதாய் வாடிக்கு முன்னால் பாரை மீனைச் சுட்டுத் தின்றான். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வேறு இரண்டு பேரும் தின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அங்கேதான் விஷயம் மோசமாகியது. மீனில் ஒன்றுமில்லை, ஆனபடியால் மட்டியிலும் ஒன்றுமில்லை, முதலாளி பயந்துபோய்க் கத்தினவர் என்று கதை திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பழுதான மட்டியைத் தின்றவர்களாம். மறுநாள் காலை நல்ல வத்து, தண்ணீர் கீழே போகும். கனகத்தின் ஆட்கள் கூடைகளை எடுத்துக் காயவைத்தார்கள். மருமகள் ஆஸ்பத்திரியில் கிடந்தும் கனகம் சொன்னாளாம்: "முதலாளியின்ர வாயை நம்பி எத்தினை நாள் பட்டினி கிடக்கிறது?" அந்த மட்டி சந்தைக்கு வந்தால் ஊர் முழுக்கத் தின்னும். பக்கத்துப் போத்தலைக் குடிப்பார்கள் என்று அந்த மனுசி சொன்னது எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது மிஸ் எங்கள் குசினியில் பலகைக்கட்டையில் இருந்தார். மடியில் கொப்பி. பாக்கியம் சுவரில் சாய்ந்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாள், எவ்வளவு புளி, எவ்வளவு மஞ்சள், அவித்த தண்ணீரை ஊற்றினாளா குடித்தாளா என்று மிஸ் ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதினார்.

"ஏன் இரண்டு மடங்கு புளி?"

"விஷம் முறியட்டும் எண்டுதான் மிஸ். எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தானே."

மிஸ் எழுதுவதை நிறுத்தினார். கொப்பியை மூடினார். "நான் இதைக் கேக்கவேயில்லை" என்றார். என்னிடம் இல்லை, பாக்கியத்திடம்கூட இல்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த நாள் காலை ஏலம் தொடங்கும்போது அவர் வந்தார். புரொஜெக்டர் இல்லை. கொப்பி இல்லை. ஒரு கையில் மட்டிச் சிப்பி, மற்றக் கையில் ஒரு சூடை மீன். வத்துக்குப் போக வெளிக்கிட்ட கனகமும் ஆட்களும் கூடையோடு ஓரத்தில் நின்றார்கள். மிஸ் மீன்பெட்டியில் ஏறினார். பெட்டி ஆடியது. தவம் காலால் முட்டுக் கொடுத்தான்.

"இந்த மட்டியில விஷம் இருக்கு. இப்ப தின்னவேண்டாம். அவிச்சாலும் போகாது, பொரிச்சாலும் போகாது. புளி எவ்வளவு கரைச்சு ஊத்தினாலும் போகாது. கலங்கின தண்ணியில இருக்கிற பாசியை மட்டி தின்னுது, விஷம் அதின்ர உடம்பில தங்குது, அதுதான் காரணம்."

மற்றக் கையை உயர்த்தினார். "இதைத் தின்னலாம். குடலை எடுத்து எறிஞ்சுபோட்டுத் தின்னுங்கோ."

ஒருவரும் இறங்கச் சொல்லவில்லை. கனகம் கூடையை இறக்காமலே கேட்டாள். "எப்ப வரைக்கும் மிஸ்?"

"தெரியாது. கிழமைக்கு ஒருக்கா மட்டி எடுத்துப் பரிசோதிப்பன். ஒவ்வொரு சனிக்கிழமை காலமையும் இந்தப் பெட்டியில ஏறி முடிவைச் சொல்லுவன்."

பின்னால் இருந்து தவம் விட்டான் ஒரு பகிடி. "தெரியாது எண்டு சொல்லவோ மிஸ் இவ்வளவும் படிச்சனீங்கள்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் காத்திருந்தேன், இப்போது ஓர் ஆனால் வரும், ஓர் எண்டாலும் வரும், இதோடு எல்லாம் கெட்டது என்று.

"ஓம்" என்றார்.

அவ்வளவுதான். இறங்கிவிட்டார். கனகம் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் குந்தினாள். அன்றைக்கு ஒருவரும் களப்பில் இறங்கவில்லை. மீன் மத்தியானத்துக்குள் முடிந்தது.

நான் சொன்ன முறையில்தான் அவர் சொன்னார், பெட்டியில் ஏறி, ஒரே மூச்சில், என்று இன்றைக்கும் ஆட்களிடம் சொல்லுவேன். பாக்கியம் பக்கத்தில் நின்றால் சொல்லமாட்டேன். அவள் கேட்பாள்: "நீங்கள் சொன்னதில எது சரியா இருந்தது?"

அதற்குப் பிறகு சனிக்கிழமை சனிக்கிழமையாய் வந்தார். பெட்டியில் ஏறுவார். "இன்னும் விஷம் இருக்கு. போன கிழமையிலும் பாக்கக் குறைவு. தின்னவேண்டாம்." இறங்குவார். ஒரு கிழமை மழை கொட்டியது. குடையைப் பிடித்தபடி ஏறிச் சொல்லிவிட்டுப் போனார். கேட்க நாலு பேர்தான் நின்றோம். கனகமும் ஆட்களும் அந்தக் காலம் முழுக்கக் கருவாடு காயவைக்கப் போனார்கள். முறைப்பட்டார்கள், ஏசினார்கள், ஆனால் களப்பில் கால் வைக்கவில்லை. வேறு யாராவது வந்து மட்டி நல்லது என்று கதைவிட்டால், சனிக்கிழமை வரட்டும் என்பார்கள். என் தொண்டைக்கு வராத மதிப்பு அது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை ஏறி நின்று சொன்னார்: "மட்டி தின்னலாம்."

கரை முழுக்கக் கலகலத்தது. அதோடு இறங்கியிருந்தால் என்ன. இறங்கவில்லை. "இப்ப தின்னலாம். இந்தக் களப்பு மட்டி. அடுத்த முறை தண்ணி நிறம் மாறினா திரும்ப எனக்குத் தெரியாது, பாத்துத்தான் சொல்லுவன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அவரோடு கொழுவிக்கொண்டு வந்தேன். "தின்னலாம் எண்டு சொன்னாப்பிறகு அந்த வாலை ஏன் மிஸ் ஒட்டுறீங்கள்? சனம் சந்தோசப்படுற நேரம் பாத்து."

"வால் இல்லாட்டி அது பொய் ஐயா."

"சின்னப் பொய்தானே."

"சின்னன்தான். ஆனா..."

அவர் சொல்லி முடிக்க நான் நிற்கவில்லை. வாசலில் பாக்கியம் நின்றாள், கையில் கனகம் கொடுத்தனுப்பிய மட்டி. என்னைத் தாண்டி மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் தலையை ஆட்டினார்.

பாக்கியம் உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். புளியை அவள் எப்போதும் போடுகிற அளவுக்குத்தான் கரைத்தாள்.